தலையில் வைக்காத கை

1

வீராம்பட்டினத்தில் தேர் ஓடும் ஆடி வெள்ளியன்று பிரான்சில் நான் இருக்கும் இந்த ஊரில் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆகஸ்டு வந்தால் பிரெஞ்சுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். ரொட்டிக்கடைக்குக்கூடப் பூட்டு. பாரிசுக்குத் தெற்கே, நான் வேலை பார்க்கும் நிலையத்திலும் அன்று நானும் ஒரு மேசை விசிறியும்தான் இருந்தோம். குடியை விட நினைக்கிறவர்கள் வந்து பேசிவிட்டுப் போகும் இடம் அது. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. சில நாற்காலிகள், ஒரு காபி எந்திரம், எங்கள் காதுகள்.

தேர் நாளில் அத்தா வில்லியனூர் மளிகைக்கடையை அடைத்துவிட்டு வீராம்பட்டினத்தில் நன்னாரி சர்பத் கடை போடுவார். எலுமிச்சம்பழம் பிழிந்து பிழிந்து என் விரல் நகமெல்லாம் எரியும். அந்த எரிச்சலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கதவு திறந்தது. சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா. ஆகஸ்டிலும் ஸ்வெட்டர். பின்னால் பதினைந்து வயதுப் பெண், காதில் வாக்மேன்.

"நீங்கதான் தமிழ் பேசற தம்பியா?"

"ஆமாங்க்கா. உக்காருங்க."

"எந்த ஊருபா?"

"வில்லியனூர். கடை பாய் மவன்."

"அட! உங்கத்தா கடைலதான்பா எங்கம்மா உப்பு புளி எல்லாம் வாங்கும். மாதா கோயிலுக்குப் பக்கத்துலதான் எங்க வூடு." நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். லூர்துமேரி என்றார் பெயரை. மகள் பெயர் ஜோசி.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்த நாட்டில் படிவம் இல்லாமல் தும்மக்கூட முடியாது. 'உங்களை இங்கே அனுப்பியது யார்? மருத்துவர், நீதிமன்றம், வேலையிடம், பிற' என்று கட்டங்கள்.

"மாதாதான் அனுப்பிச்சா" என்றார் லூர்துமேரி.

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

"இல்லன்னா ஒண்ணு போடேன்."

'பிற' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன்.

அவர் வந்தது கணவருக்காக. பெயரை அந்துவான் என்று வைத்துக்கொள்வோம். பண்டசோழநல்லூர்க்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றவர். நம் பக்கத்தில் 'சொல்தா' என்று மரியாதையும் பொறாமையும் கலந்து சொல்வோமே, அந்த இனம். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை. (இதையெல்லாம் அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றச் சொன்னார். இந்தப் பெயரையும் அவரே கொடுத்தார். பட்டாளத்தில் அவருக்குப் பிடிக்காத ஒரு மேலதிகாரியின் பெயராம். கொஞ்ச நாள் அந்த ஆளும் குடிகாரன்னு பேர் வாங்கட்டுமே என்றார்.)

"செப்டம்பர் பொறந்தா இவ போயிடுவா தம்பி. எங்கியோ தூர ஊர்ல போர்டிங் பள்ளிக்கூடம். அதுக்கு முன்ன அந்த மனுசன் இவ தலைல கை வச்சி, இனிமே தொட மாட்டேன்னு ஒரு சத்தியம் பண்ணணும். வேற ஒண்ணும் வேணாம். வெள்ளக்காரங்க கிட்ட சொன்னா இது புரியாது. நீங்க நம்ம ஊரு. வாங்கிக் குடுத்துடுங்க."

"அவர் இன்னா சொல்றாரு?"

"மாட்டேன்றாரு. அடிச்சிக்கூட கேட்டுட்டேன். புள்ளயவிட குடி பெருசாப் போச்சு அவருக்கு."

ஜோசி ஒரு காதிலிருந்து வாக்மேனை விலக்கி என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள்: "அம்மா என்ன சொல்கிறார்கள்?" இங்கே வளர்ந்த பிள்ளை. தமிழ் அவளுக்குச் சோறு, குழம்பு, வா, போ அளவுக்குத்தான்.

"உன் அப்பா உன் தலையில் கைவைத்து ஒரு வாக்குக் கொடுக்க வேண்டுமாம்."

"என் தலையிலா?" சிரித்தாள். "அவர் என்னைத் தொடுவதே இல்லை. என்னைப் பிடிக்காது அவருக்கு." வாக்மேனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இன்னா சொல்றா?" என்றார் லூர்துமேரி.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

2

என் வேலை பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் கேட்கிறார்கள்: பி.எஸ்ஸி. படித்தவன் பிரான்சுக்குப் போய்க் குடிகாரர்களோடு உட்கார்ந்திருக்கிறானாமே?

ஏற்கெனவே இங்கே இருந்த மச்சானின் தயவில் வந்து, முதலில் பள்ளிக்கூட வராந்தா கழுவி, பிறகு தட்டச்சு வகுப்பு, பிறகு கணக்கியல் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து பாதியில் விட்டேன். இந்த நிலையத்தில் தமிழ் மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. வந்தேன். குடிநோயாளிகளுக்கு ஆலோசகராகும் பயிற்சியும் இங்கேயே நடக்கிறது என்று தெரிந்ததும் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவன் நான். ஆலோசனை சொல்ல என்னைவிட யார்?

பயிற்சியாளர் மதாம் ஏலேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருப்பார். குடியை விடும் வழியைச் சொல்லித் தருகிறவர் ஒரு சிகரெட்டிலிருந்து இன்னொன்றைப் பற்றவைப்பார். "என்னைத் திருத்த முயலாதீர்கள், அது அடுத்த ஆண்டுப் பாடம்" என்பார்.

முதல் நாள் புது நோட்டோடு போய் உட்கார்ந்தேன். அவர் பாடம் எடுக்கவில்லை. "இன்றைக்கு நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள்?" என்று எங்களையே கேட்டார். வில்லியனூர்ப் பள்ளியில் யாராவது வாத்தியார் இப்படிக் கேட்டிருந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்போம்.

அவர் வகுப்பில் ஒரே ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் தன் உண்மையான கவலை ஒன்றைச் சொல்வார். மற்றவர் கேட்க வேண்டும். கேட்கிறவர் 'நீ இப்படிச் செய்' என்று ஆரம்பித்த கணத்தில், சொல்கிறவர் எழுந்து தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கோபம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. முதுகுதான் தெரியும். எனக்கு வந்த முதுகுகளைப் போல அந்த வகுப்பில் யாருக்கும் வந்ததில்லை. கொலெத் என்ற நர்சு, எங்கள் குழுவில் எனக்கு அடுத்த வாயாடி, ஒரு நாள் நான் வாயைத் திறக்கும்போதே எழுந்து திருப்பிவிட்டாள்.

"நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே!"

"மூச்சு இழுத்தாய். அந்த மூச்சை எனக்குத் தெரியும்."

எரிச்சலில் ஏலேனிடமே போய்க் கேட்டேன். "எப்போது எங்களுக்குக் குடிகாரர்களை மாற்றும் வித்தையைச் சொல்லித் தரப் போகிறீர்கள்?"

அவர் புகையை ஒதுக்கினார். "நான் உன்னை மாற்றப் பார்க்கிறேனா?"

"இல்லை."

"அப்படி இருக்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது?"

யோசித்தேன். "பயமாக இருக்கிறது. ஆனால் வர வேண்டும் போல இருக்கிறது."

"அவர்களுக்கும் அப்படியே இருக்கட்டும். நான் உங்களை அடித்துப் பழக்கிவிட்டு அவர்களிடம் அன்பாக இருங்கள் என்றால் நடக்குமா?"

எங்கள் ஊர்ப் பக்கம் பாகூரில் நான் பார்த்த குடி ஒழிப்பு முகாம் நினைவு வந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு டாக்டர் பள்ளிக்கூட வாசலில் வேட்டியைத் திரையாகக் கட்டி, அழுகிப்போன ஈரல் படம் காட்டினார். அறுவடைக்கு வந்த ஆட்களை எல்லாம் உட்காரவைத்து, உங்கள் வயிற்றில் இருப்பது இதுதான் என்றார். படம் முடிந்ததும் பாதிப் பேர் நேரே சாராயக்கடைக்குத்தான் போனார்கள். "பயந்து பூட்டேன்பா, அதான்" என்றார் ஒருவர். அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது அந்த மனிதர் சொன்னதுதான் பாடமாகத் தெரிகிறது.

3

அந்துவான் வந்தார். மனைவி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். உயரமான மனிதர், பட்டாளத்து முதுகு. வெயிலிலும் கோட்டு.

"பாய் தம்பி, நீ குடிச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"ஒரு சொட்டு?"

"இல்லண்ணே."

"நல்லாருக்கு. நீச்சல் தெரியாதவன் கிட்ட நீச்சல் கத்துக்கச் சொல்லி அனுப்பிக்கீறா எம் பொண்டாட்டி."

சிரித்தேன். அவரும் சிரித்தார். என் வாயில் எத்தனையோ வந்து முட்டியது. சுவரைப் பார்க்கும் நாற்காலியை நினைத்து விழுங்கினேன்.

"சத்தியம் பண்ணச் சொல்லித்தான உன்னாண்ட வந்துச்சி?" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

"மாட்டேன்."

"சரிண்ணே."

"சரியா?" நிமிர்ந்து பார்த்தார். "ஏன்னு கேக்கலியா?"

"சொல்லணும்னா சொல்லுங்க."

சொல்லவில்லை. காபி குடித்தார். பண்டசோழநல்லூரில் இந்த வருடம் மணிலாக்கடலை போட்டார்களா என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும்? தெரியாது என்றேன். "அடுத்த வியாழன் வரட்டா?" என்று அவரே கேட்டுவிட்டுப் போனார்.

சத்தியத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில்தான் சாராயக்கடை. கோவிந்தன் என்று ஒரு மரமேறி. ஒரு நாள் அவர் மனைவி நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்திழுத்து மகன் தலையில் வைத்து, "சொல்லு, சொல்லு" என்று கத்தினாள். தெருவே நின்று பார்த்தது. சொன்னார். மாசி மகம் வரைக்கும் தாங்கினார். அப்புறம் பையனுக்கு அம்மை போட்டதும் தெரு முழுக்க அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பையன் பிழைத்துக்கொண்டான். கோவிந்தன் அப்புறம் பையன் இருக்கும் பக்கமே வருவதில்லை. எங்கள் கடைப் பலகையில் வந்து உட்காருவார். அத்தா ஒரு சோடாவை உடைத்து வைத்துவிட்டுக் கணக்குப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். அவ்வளவுதான் அத்தாவுக்குத் தெரிந்தது.

ஆனால் கோவிந்தன் கதையும் அந்துவான் கதையும் ஒன்றுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. லூர்துமேரி சொன்னதையேதான் நானும் நம்பினேன்: விட மனமில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறார்.

4

விடுமுறை முடிந்து வகுப்பு கூடியது. ஏலேன் என்னிடம், "உன்னிடம் வருகிறவராக நீ உட்கார். அவர் பேசுவது போல் பேசு" என்றார். பெயர் சொல்லக் கூடாது, விவரம் கூடாது. ஆனால் அவர் எப்படி இருப்பாரோ அப்படி இருக்க வேண்டும்.

"அவர் தமிழில் அல்லவா பேசுவார்?"

"தமிழிலேயே பேசு."

"உங்களுக்கு எப்படிப் புரியும்?"

"பார்ப்போமே, எது புரிகிறதென்று."

எதிரே கொலெத். நான் அந்துவானாக உட்கார்ந்து பேசினேன். மாட்டேன், மாட்டேன் என்றேன். நீச்சல் கதை சொன்னேன். மணிலாப் பயிர் விசாரித்தேன். இந்த நாட்டில் ஒரு வட்டம் நிறைய மனிதர்கள் நான் தமிழ் பேசுவதை அத்தனை கவனமாகக் கேட்டது அன்றுதான்.

முடிந்ததும் கொலெத் கேட்டாள்: "உன் வலது கைக்கு என்ன ஆனது?"

"என் கையா?"

"முழு நேரமும் கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தாயே. காபியை இடது கையால் எடுத்தாய். நீ வலது கைக்காரன்தானே?"

குனிந்து பார்த்தேன். கை இன்னும் பைக்குள்தான் இருந்தது. நானாக வைத்ததல்ல, அவர் வைத்திருந்ததை உடம்பு எடுத்துக்கொண்டிருந்தது. நான் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவேயில்லை.

தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யும் வழக்கத்தைச் சொன்னேன். "எங்களிடமும் உண்டு" என்று உடனே நாலு பேர் சொன்னார்கள். பிள்ளை தலைமீது ஆணை என்று பிரெஞ்சிலும் சொல்வதுண்டு. சந்தையில் மீன் விற்கிறவர்கூடச் சொல்வார். "ஆனால் வாயால்தான்" என்றாள் கொலெத். "நீங்கள் நிஜமாகவே கையை வைப்பீர்களா? பிள்ளை நின்றுகொண்டிருக்குமா?"

"நின்றுகொண்டிருக்கும்."

"பிறகு வாக்கு உடைந்தால்?"

"பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்பார்கள்."

எனக்குக் கோவிந்தன் ஞாபகம் வந்தது, சோடாப் புட்டி, அத்தாவின் முதுகு எல்லாம். "என்னிடம் வருகிறவர் ஏற்கெனவே ஒரு தடவை சத்தியம் செய்து உடைத்திருக்கிறார்!" என்று எழுந்துவிட்டேன். "அதுதான்! நான் போய் அவரிடம் சொல்கிறேன், இது வெறும் மூடநம்பிக்கை, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும்…"

வட்டம் முழுவதும் நாற்காலி இழுபடும் சத்தம். எல்லாருடைய முதுகும் எனக்குத் தெரிந்தது. ஏலேன் முதுகும்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

5

அடுத்த வியாழன். காபி வைத்தேன். இடது கையால் எடுத்தார்.

"கை வலிக்குதாண்ணே?"

"எந்தக் கை?"

மேசை விசிறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தது. பையிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். யாருடையதோ போல அதைப் பார்த்தார்.

"இவளுக்கு அப்ப ஏழு வயசு. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். மாதா கோயில்ல, செல வச்ச கெபிக்கு முன்னாடி லூர்து எங் கையப் புடிச்சி இவ தலைல வச்சிச்சி. பண்ணேன். மனசாரத்தான் பண்ணேன் பாய், சும்மா இல்ல. திரும்பி வர்றச்ச ஏரோப்ளேன்ல சோத்தோட ஒயின் குடுத்தாம்பா. சின்னப் புட்டி. கேக்கவே இல்ல, வச்சிட்டுப் பூட்டான். புள்ள எந் தோள்ல தூங்கிகினு இருந்துச்சி." காபியைத் தள்ளி வைத்தார். "வந்து எறங்கின வாரமே வயித்து வலின்னு கத்தி, ஆப்பரேசன். அப்பெண்டிக்ஸ்னாங்க."

"சத்தியத்தாலன்னு டாக்டர் சொன்னாரா?"

"டாக்டருக்கு ப்ளேன்ல நடந்தது தெரியுமா?"

இதற்குப் பதில் என்னிடம் நாலு இருந்தது. விஞ்ஞானம் படித்தவன். மூச்சு இழுத்தேன். விட்டுவிட்டேன்.

"அன்னைலேந்து அவ தலைய நான் தொட்டதில்ல. பரிசு வாங்கிகினு வந்து நிப்பா. தொடல. இன்னொரு தரம் சத்தியம் பண்ணி, இன்னொரு தரம் நான் ஒடச்சா? என்னப் பத்தி எனக்குத் தெரியும் பாய். ஒடச்சிடுவேன்." "லூர்து நெனச்சிகினு கீது, குடிக்கறதுக்காக மாட்டேன்றேன்னு."

அவர் அழவில்லை, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தியம் கெடக்கட்டும்ணே. அந்தக் கைக்கு இன்னா பண்ணணும்னு இருக்கு?"

"அவளுக்கு முடி கண்ணுல வந்து வுழுந்துகினே இருக்கும். ஒரு தரம் ஒதுக்கிவுடணும்."

லூர்துமேரியிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அது அவருடைய கதை, நான் சுமந்து போய்க் கொடுக்கக் கூடாது. அடுத்த தடவை அவரே மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் முன்னால்தான் சொன்னார், என்னைப் பார்த்துக்கொண்டே, மனைவியிடம் சொன்னார். லூர்துமேரி குறுக்கே பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். முடிந்ததும் ஸ்வெட்டர் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தினி வருசம் வாயில இன்னாய்யா வச்சிகினு இருந்த?"

"அதான் தெரியுமே. ஒயினு."

"சீ!" என்று அவர் தோளில் ஓங்கி ஓர் அடி. பிறகு என்னிடம், "அப்ப சத்தியம்?" என்றார்.

நான் அந்துவானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அத்தோடு அன்று எழுந்தோம்.

6

ஜோசி கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். டிக்கெட் எந்திரத்தோடு மல்லுக்கட்ட ஆள் வேண்டுமாம். போகலாமா என்று ஏலேனிடம் கேட்டேன். "பெட்டி தூக்கத்தானே போகிறாய்?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது, ரெண்டு கையும் நிறைந்திருக்கும்."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள், அந்த ஆள் குடியை விட்டாரா என்று. அந்த ஞாயிறு அவர் மேல் வாடை இல்லை. நேற்று வந்தபோது இருந்தது. ஆனால் வந்தார். வாசலில் நின்று, "இன்னிக்கு நாறிகினு வந்துக்கீறேன், உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டு வந்தார். இப்படிக் கேட்க ஓர் இடம் வில்லியனூரிலும் பாகூரிலும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் தினமும் நினைக்கிறேன். உட்கார ஒரு பலகை அத்தா கடையிலேயே இருக்கிறது.

நடைமேடையில் ஜோசி வாக்மேனோடு நின்றாள். தலைமுடியை ஒரு பக்கமாக உயர்த்தி, ஜெல் போட்டு, முள்ளு முள்ளாக நிறுத்தியிருந்தாள். இங்கே பிள்ளைகளுக்கு இதுதான் நாகரிகம். லூர்துமேரி பொடி, ஊறுகாய், மாதா படம் என்று பெட்டிக்குள் திணித்துக்கொண்டே இருந்தார். ரயில் வந்து நின்றது. அந்துவான் கோட்டுப் பையில் கையோடு ஒரு தூண் ஓரமாக நின்றார்.

லூர்துமேரி அவரைப் பார்த்தார். வாய் திறந்தது. 'சொல்லு' என்று வரப்போகிறது என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு என் கையிலிருந்த பெட்டியின் கைப்பிடியைத் தானும் பிடித்துக்கொண்டார், அது ஓடிவிடும் போல.

அந்துவான் நடந்து வந்தார். கையை வெளியே எடுத்தார். மகளின் தலைமேல் வைத்தார். சத்தியமும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை.

"பப்பா! என் முடி!" என்று அலறினாள் ஜோசி. ஜெல் நசுங்கிவிட்டது. சுட்டதைப் போலக் கையை இழுத்துக்கொண்டார் அவர். மறுபடி பைக்குள் போகப் பார்த்தது கை.

ஜோசி அதைப் பார்த்தாள். வாக்மேனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்து, தலையை மறுபக்கமாகச் சாய்த்து, கண்ணில் முடி விழும் பக்கத்தைக் காட்டிக்கொண்டு, பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

லூர்துமேரி பெட்டியை விடாமலே என் முழங்கையை இடித்தார்.

"இன்னா சொல்றா தம்பி? இன்னா சொல்றா?"

"இந்தப் பக்கம் வைக்கச் சொல்றாக்கா. இங்க ஜெல் இல்லியாம்."